"அஞ்சு வருஷம் கழிச்சு எங்கே இருப்பீங்க?" - இன்டர்வியூவில் திணற வைக்கும் கேள்வியும், வீட்டிலேயே கிடைக்கும் பதிலும்!

குமாரபாளையம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. கேம்பஸ் இன்டர்வியூ நாள். செமினார் ஹாலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் மாணவர்கள் வரிசையாகக் காத்திருக்கிறார்கள். கையில் ஃபைல், கழுத்தில் அடையாள அட்டை, உதட்டில் முணுமுணுப்பு. தேர்வுக்கு முந்தைய நிமிடம்போல எல்லோரும் ஒரே பதிலைத்தான் ஆங்கிலத்தில் உருப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'ஐந்து ஆண்டுகளில் உங்கள் நிறுவனத்திலேயே மேனேஜராக உயர்ந்திருப்பேன்.'

கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு மாணவி ஒருவர் உள்ளே போகிறார். புரோகிராமிங் கேள்விகளுக்குப் பிசகில்லாமல் பதில் சொல்கிறார். கடைசியாக ஹெச்.ஆர். அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்கிறார். "வேர் டூ யூ சீ யுவர்செல்ஃப் இன் ஃபைவ் இயர்ஸ்?" மாணவி உருப்போட்டதை ஒப்பிக்கிறார். அதிகாரி சிரித்தபடி அடுத்த கேள்வியைப் போடுகிறார். "சரிம்மா, எங்க கம்பெனியில மேனேஜருக்கு என்ன வேலைன்னு தெரியுமா?"

மாணவியிடம் பதில் இல்லை. மாலையில் ஒட்டிய பட்டியலில் அவர் பெயரும் இல்லை.

இவரை எந்த ஊர்க் கல்லூரியிலும் பார்க்கலாம். நன்றாகப் படிப்பவர், ஆங்கிலமும் சமாளித்துவிடுவார். அப்படியிருந்தும் இந்த ஒரு கேள்வியில் தடுக்கி விழுகிறார். ஏன்?

வீட்டில் யாரும் கேட்காத கேள்வி

அந்த மாணவியின் வீட்டில் ஐந்து வருடத் திட்டம் இல்லாமல் இல்லை. அப்பா விசைத்தறிப் பட்டறையில் மீட்டர் கணக்கில் கூலிக்கு ஓட்டுபவர். மகளின் படிப்புக்கு வங்கியில் கல்விக் கடன். படிப்பு முடிந்து ஓராண்டு ஆனதும் தவணை தொடங்கிவிடும். அடுத்து தம்பியின் காலேஜ் ஃபீஸ். அதற்கடுத்து மகளின் கல்யாணம். எல்லாம் வரிசையாகக் கணக்குப் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கணக்கில் விடுபட்டது ஒன்றுதான். 'உனக்கு என்ன வேலை பிடிக்கும்? எதில் கெட்டிக்காரியாக வரணும்னு நினைக்கிறே?' என்று அவரை யாரும் கேட்டதில்லை. "ஏதோ ஒரு வேலை கெடச்சாப் போதும் சாமி" என்பதுதான் அப்பாவின் பிரார்த்தனை. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால், இருபத்தொரு வயது வரை ஒருவர் காதில் விழாத கேள்வி, முதன்முறையாக இன்டர்வியூ அறையில் விழும்போது, மனப்பாடம் செய்ததுதான் வாயில் வரும்.

அரசுத் தேர்வுகளுக்கே தயாராகி வந்தவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. மத்திய அரசின் குரூப் 'சி' பணிகளுக்கும், அரசிதழ் பதிவு பெறாத குரூப் 'பி' பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. எழுத்துத் தேர்வில் மார்க் வாங்கினால் வேலை. அந்தப் பாதையில் இரண்டு, மூன்று ஆண்டுகள் போய்விட்டு, தனியார் கம்பெனி இன்டர்வியூவுக்கு வந்து உட்காரும்போது, தன்னைப் பற்றித் தானே பேச வேண்டிய நிலை புதிதாக இருக்கும்.

எதற்காகக் கேட்கிறார்கள்?

இது ஜோசியம் கேட்கும் கேள்வி அல்ல. ஐந்து வருடம் கழித்து அந்தக் கம்பெனி எங்கே இருக்கும் என்று கேட்பவருக்கே தெரியாது. அவர் தெரிந்துகொள்ள நினைப்பது மூன்று விஷயங்களை.

ஒன்று, இவர் நிலைப்பாரா? புதிதாகச் சேர்பவருக்குப் பயிற்சி கொடுக்கச் சம்பளமும் செலவாகிறது, அனுபவசாலி ஒருவரின் நேரமும் செலவாகிறது. வேலை பிடிபட்டு வரும் நேரத்தில் கிளம்பிவிட்டால் அத்தனையும் வீண். 

இரண்டு, இந்த வேலை என்னவென்று இவருக்குத் தெரியுமா? வேலையைப் பற்றிக் கொஞ்சமாவது விசாரித்தவரால்தான் அதில் அடுத்த படி என்ன என்று சொல்ல முடியும்.

மூன்று, இவர் போக நினைக்கும் பாதையில் இந்த வேலை வருகிறதா? முகத்துக்கு நேரே வாடிக்கையாளரைச் சந்தித்துப் பேசுவதில் விருப்பம் உள்ளவரை, நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் கணக்குச் சரிபார்க்க உட்கார வைத்தால் இருவருக்கும் நஷ்டம்தான்.

கேட்கப்படுவது வருங்காலம்தான் என்றாலும், எடை போடப்படுவது இன்றைய தெளிவு.

சறுக்க வைக்கும் பதில்கள்

'நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் இருப்பேன்.' சாமர்த்தியமான பதில் என்று நினைத்துச் சொல்லப்படுவது. கேட்பவர் இதை எத்தனையோ முறை கேட்டிருப்பார். 

'இந்தக் கம்பெனியிலேயே கடைசி வரைக்கும் இருப்பேன்.' சொல்பவரும் நம்புவதில்லை, கேட்பவரும் நம்புவதில்லை. 

'எது கிடைச்சாலும் செய்வேன் சார்.' பணிவாகச் சொல்வதாக நினைப்பார்கள். எதிலும் பிடிப்பு இல்லாதவர் என்று எதிரில் இருப்பவருக்குத் தோன்றிவிடும்.

'ஐந்து வருடத்தில் சொந்த பிசினஸ்.' நல்ல லட்சியம்தான். ஆனால், 'உங்கள் செலவில் கற்றுக்கொண்டு போய்விடுவேன்' என்று காதில் விழும் வாய்ப்பு அதிகம்.

'சொந்த வீடு, கார் வாங்கியிருப்பேன்.' அது வீட்டாரிடம் சொல்ல வேண்டிய பதில்.

இவை அனைத்தும் ஒரு பதவியையோ, ஒரு பொருளையோ, ஒரு வாக்குறுதியையோ சொல்கின்றன. வேலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அங்கேதான் சறுக்கல்.

பதவி வேண்டாம், வேலையைச் சொல்லுங்கள்

'ஐந்து வருடத்தில் என்ன ஆகியிருப்பேன்?' என்று யோசித்தால் பதவிதான் ஞாபகத்துக்கு வரும். 'ஐந்து வருடத்தில் எந்த வேலையை யார் உதவியும் இல்லாமல் செய்யத் தெரிந்திருக்கும்?' என்று மாற்றி யோசித்தால் உண்மையான பதில் கிடைக்கும். அதை மூன்று படிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் ஓராண்டில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? இரண்டாவது, மூன்றாவது ஆண்டில் எதைத் தனியாகப் பொறுப்பெடுத்துச் செய்ய முடிய வேண்டும்? ஐந்தாம் ஆண்டில் எந்த விஷயத்துக்கு மற்றவர்கள் நம்மிடம் வந்து கேட்க வேண்டும்?

இவற்றுக்குப் பதில் தெரிய இரண்டு இடங்களில் தேடினால் போதும். ஒன்று, வேலைக்கான அறிவிப்பு. அதில் அந்த வேலைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். அதே கம்பெனி நான்கைந்து வருட அனுபவம் உள்ளவர்களுக்குப் போட்ட அறிவிப்பையும் தேடிப் படித்தால், இடைப்பட்ட காலத்தில் எதைக் கற்க வேண்டும் என்பது புரிந்துவிடும். இரண்டு, அதே துறையில் இரண்டு, மூன்று வருடமாக வேலை பார்க்கும் சீனியர். அவரிடம் கால் மணி நேரம் பேசினால், மனப்பாடப் பதில் பத்துக்கு ஈடான விவரம் கிடைக்கும்.

பதில் ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை. முதலில் தமிழில் யோசித்து, பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றிக்கொண்டால் தடுமாற்றம் குறையும். 

வங்கி அதிகாரி வேலை என்றால்...

பொதுத்துறை வங்கிகளின் புரொபேஷனரி ஆபீசர் தேர்வில் நேர்முகத் தேர்வு இன்னும் உண்டு. ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்வில் மெயின் தேர்வுக்கு 80 பங்கும், நேர்முகத்துக்கு 20 பங்கும் வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். அங்கே பொறியியல் பட்டதாரிகளிடம் தவறாமல் வரும் கேள்வி, 'இன்ஜினீயரிங் படித்துவிட்டு வங்கிக்கு ஏன்?' என்பது. அதன் தொடர்ச்சிதான் ஐந்து வருடக் கேள்வி.

'கிளை மேலாளர் ஆவேன்' என்பதைவிட இப்படிச் சொல்வது மேல். "தகுதிகாண் காலத்தில் கவுன்ட்டர், கடன், டெபாசிட் என்று கிளையின் எல்லா வேலைகளையும் கற்றுக்கொள்வேன். ஜே.ஏ.ஐ.ஐ.பி., பிறகு சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுகளை முடிப்பேன். கிராமப்புறக் கிளைக்கு அனுப்பினாலும் போவேன். எங்கள் பகுதி விசைத்தறிப் பகுதி. சிறுதொழில் கடன் மனுவைப் படித்து, கொடுக்கலாமா கூடாதா என்று தைரியமாகப் பரிந்துரை எழுதக்கூடிய அதிகாரியாக ஐந்து வருடத்தில் இருக்க வேண்டும்."

இந்த இரண்டு தேர்வுகளையும் நடத்துவது இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேங்கிங் அண்ட் ஃபைனான்ஸ் என்ற அமைப்பு. வங்கியில் சேர்ந்த பிறகு எழுதும் தேர்வுகள் இவை. பெயர் தெரிந்திருப்பதே, விண்ணப்பித்தவர் வேலையைப் பற்றி விசாரித்திருக்கிறார் என்பதற்கு அடையாளம்.

ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்களுக்கு

இந்தக் கேள்வி டிகிரி முடித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒசூரிலோ கோவையிலோ ஒரு தொழிற்சாலைக்கு சி.என்.சி. ஆபரேட்டர் வேலைக்குப் போகும் இளைஞரிடமும் கேட்பார்கள். 'சூப்பர்வைசர் ஆகணும் சார்' என்று சொல்லி முடித்துக்கொள்பவர்களே அதிகம்.

"முதல் வருஷம் மெஷினை நல்லா ஓட்டப் பழகுவேன். டிராயிங் பார்த்து, வெர்னியர், மைக்ரோமீட்டர் வெச்சு ஜாப்பை நானே செக் பண்ணுவேன். அப்புறம் செட்டிங், புரோகிராம் போடக் கத்துக்குவேன். அஞ்சு வருஷத்துல புது ஜாப் வந்தா, முதல் பீஸை ரிஜெக்ட் ஆகாம எடுத்துக் கொடுக்கற அளவுக்கு வரணும்." தமிழில் இப்படிச் சொன்னாலே போதும். ஷாப் ஃப்ளோர் தெரிந்தவர் பேசுகிறார் என்று எதிரில் இருக்கும் இன்ஜினீயருக்குப் புரிந்துவிடும்.

வெளிநாடு, அரசுத் தேர்வு... உண்மையைச் சொல்வதா, மறைப்பதா?

மனதுக்குள் வேறு திட்டம் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி நிஜமான சோதனை. நர்ஸிங் முடித்துவிட்டு, இரண்டு வருட அனுபவத்தோடு வெளிநாடு போக நினைக்கும் பெண். குரூப் 1 கனவோடு, அதுவரை குடும்பத்தைத் தாங்க வேலை தேடும் இளைஞர். இவர்கள் என்ன சொல்வது?

பொய் சொல்வதற்கும், எல்லாவற்றையும் கொட்டிவிடாமல் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. 'வெளிநாடு போகும் எண்ணமே இல்லை' என்பது பொய். பயோடேட்டாவில் ஜெர்மன் மொழி வகுப்பு என்று இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ள நேரும். "ஐ.சி.யூ. பிரிவில் வென்டிலேட்டர் நோயாளிகளைத் தனியாகக் கவனிக்கும் அளவுக்குத் தேற வேண்டும். அதற்கு இங்கே வாய்ப்பு இருக்கிறது என்பதால்தான் விண்ணப்பித்தேன். இருக்கும் காலம் வரை முழுப் பொறுப்போடு வேலை செய்வேன்" என்பதில் பொய் இல்லை. எங்கே போகப்போகிறோம் என்பதைவிட, இங்கே எதைச் செய்யப்போகிறோம் என்பதைப் பேசுவது அது.

'வெளிநாடு போவீர்களா?' என்று நேராகவே கேட்டுவிட்டால், "அந்த ஆசை உண்டு. ஆனால், குறைந்தது இத்தனை வருடம் இங்கே இருப்பேன்" என்று, காப்பாற்ற முடிந்த காலத்தை மட்டும் சொல்வது நல்லது. சில நிறுவனங்கள் குறிப்பிட்ட காலம் வேலை செய்வதாக ஒப்பந்தத்தில் கையெழுத்தும் கேட்கும். கையெழுத்துப் போடும் முன் எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று வீட்டில் ஒருவரோடு உட்கார்ந்து படித்துப் பார்த்துவிட வேண்டும்.

"கல்யாணம் எப்போ?"

பெண்களுக்கு ஐந்து வருடக் கேள்வி சில இடங்களில் வேறு வேஷத்தில் வரும். 'கல்யாணம் ஆனா வேலையை விட்டுருவீங்களா?', 'குழந்தை பிறந்தா என்ன செய்வீங்க?' பக்கத்து நாற்காலி இளைஞரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை.

பெண் என்ற காரணத்துக்காக ஆளெடுப்பில் பாகுபாடு காட்டக் கூடாது என்பதை 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது. அதை உள்ளடக்கி வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன்கள் சட்டம், முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு அளித்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது.

இதெல்லாம் தெரிந்திருப்பது தைரியம் தரும். ஆனால், இன்டர்வியூ அறையில் சட்டம் பேச எல்லோருக்கும் வராது, வேலையும் தேவை. அங்கே அமைதியாகச் சொல்லக்கூடிய பதில் ஒன்று உண்டு. "என் குடும்ப விஷயங்களை வேலை பாதிக்காதபடி பார்த்துக்கொள்வேன். இந்த வேலையில் ஐந்து வருடத்தில் என்ன செய்ய நினைக்கிறேன் என்று சொல்லலாமா?" இப்படிப் பேச்சைத் திரும்ப வேலைக்கே கொண்டுவந்துவிடலாம். அதற்குப் பிறகும் அதையே துருவித் துருவிக் கேட்டால், அந்த இடம் எப்படிப்பட்டது என்பதை விண்ணப்பித்தவரும் தெரிந்துகொள்கிறார். இன்டர்வியூவில் இரண்டு தரப்பும்தான் தேர்வு செய்கிறது.

குழந்தை வளர்ப்புக்காகச் சில ஆண்டுகள் இடைவெளி விட்டுத் திரும்பும் பெண்கள், இடைவெளிக்கு மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேசத் தேவையில்லை. "ஆறு வருடம் வீட்டில் இருந்தேன். இப்போது ஜி.எஸ்.டி., டேலி இரண்டையும் புதிதாகக் கற்றிருக்கிறேன். முதல் வருடத்தில் பழைய வேகத்தைப் பிடிப்பேன். ஐந்து வருடத்தில் ஒரு கம்பெனியின் மாதாந்தரக் கணக்கை முழுதாக முடித்துத் தரும் பொறுப்பில் இருக்க விரும்புகிறேன்" என்று நேராகச் சொன்னாலே கேட்பவருக்கு நம்பிக்கை வரும்.

பதிலுக்குப் பின் ஒரு கேள்வி

நல்ல பதிலுக்குப் பிறகு கேட்பவர் கட்டாயம் கிளறிப் பார்ப்பார். 'ஏன் இந்தத் துறை?', 'இதற்காக இதுவரை என்ன செய்தீர்கள்?' மனப்பாடம் செய்த பதில் இங்கே கலகலத்துவிடும். சொல்லும் ஒவ்வொரு விருப்பத்துக்கும் பின்னால் ஏற்கெனவே செய்த சின்ன வேலை ஒன்றாவது சாட்சியாக இருக்க வேண்டும். ஒரு புராஜெக்ட், ஒரு பயிற்சி, ஒரு பகுதி நேர வேலை... எதுவானாலும் சரி.

கடைசியில், 'எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். "இந்த வேலையில் நன்றாகச் செய்தவர்கள் மூன்று, நான்கு வருடத்தில் எந்தப் பொறுப்புக்குப் போயிருக்கிறார்கள்?" என்று கேட்கலாம். சொன்ன பதில் மனதில் இருந்து வந்தது என்பதை அந்தக் கேள்வி உறுதி செய்துவிடும். ஐந்து வருடம் கழித்தும் அதே நாற்காலிதான் என்றால், அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாவது முறை

குமாரபாளையம் மாணவிக்கு இரண்டு வாரம் கழித்து இன்னொரு கம்பெனி. இந்த முறை உருப்போட எதுவும் இல்லை. இடைப்பட்ட நாட்களில் சீனியர் அக்கா ஒருவரிடம் போனில் பேசியிருந்தார். அந்த அக்கா கேட்டது ஒன்றுதான். "காலேஜ்ல எந்த வேலை செய்யும்போது உனக்கு நேரம் போனதே தெரியல?"

யோசித்ததும் ஞாபகம் வந்தது இறுதியாண்டு புராஜெக்ட். அப்பாவின் பட்டறைக்காகவே செய்த மொபைல் ஆப். யார் எத்தனை மீட்டர் ஓட்டினார்கள் என்று பதிந்தால் கூலியைக் கணக்குப் போட்டுக் காட்டும். எல்லாம் சரியாக இருந்தும் நைட் ஷிஃப்ட் கூலி மட்டும் குளறுபடியாக வந்தது. இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஷிஃப்ட் நள்ளிரவைத் தாண்டும்போது தேதி மாறிவிடுகிறது; ஒரே ஷிஃப்ட்டை ஆப் இரண்டு நாளாகப் பிரித்துவிடுகிறது. டீமில் மற்றவர்களுக்குப் பிடிபடாத அந்தத் தவறைக் கண்டுபிடித்தவர் அவர்தான். பட்டறையில் இரவெல்லாம் தறி ஓடும் சத்தத்தில் வளர்ந்தவர் ஆயிற்றே!

இன்டர்வியூவில் அதே கேள்வி வந்தது. எளிய ஆங்கிலத்தில் இந்தக் கதையைச் சொன்னார். பிறகு, "டெஸ்டிங் துறையில் சேர விரும்புகிறேன். முதல் வருடத்தில் கையால் சோதிப்பதையும், அடுத்து செலினியம் போன்ற ஆட்டோமேஷன் கருவிகளையும் கற்றுக்கொள்வேன். ஐந்து வருடத்தில், ஒரு சாஃப்ட்வேர் வாடிக்கையாளர் கைக்குப் போகும் முன்பே, அது எங்கே உடையும் என்று என் டீமுக்குச் சொல்லக்கூடியவளாக இருக்க வேண்டும்" என்றார்.

எதிரில் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அந்தத் தேதிப் பிரச்னையை எப்படிச் சரி பண்ணுனீங்க?" அடுத்த கால் மணி நேரம் அதைப் பற்றியே பேச்சு போனது.

முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அன்று இரவு அப்பா ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன் கேட்டார். "இன்னைக்கு என்ன கேட்டாங்க சாமி?"

"அஞ்சு வருஷம் கழிச்சு என்னவா இருப்பேன்னு கேட்டாங்கப்பா."

செருப்பை மாட்டப் போனவர் நின்றார். திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

"அதுக்கு நீ என்ன சொன்னே?"

பல வீடுகளில் தொடங்க வேண்டிய பேச்சு இது. இன்டர்வியூ தேதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளிடம் இன்று சாப்பிட உட்காரும்போதே கேட்கலாம். 'என்ன வேலைக்குப் போகப்போறே?' என்று வேண்டாம். 'எதைச் செய்யும்போது உனக்கு நேரம் போறதே தெரியல?' என்று கேட்டால் போதும். பிள்ளைகள் பதில் சொல்லப் பழகிக்கொள்வார்கள்.